மூச்சுக்கு ஒரு பொத்தான்

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, அடுத்தவர் யார் என்று கூப்பிட வாயெடுத்தபோதுதான் அவள் தன் கணவர் மூச்சு இழுக்கும் சத்தத்தைக் கேட்டாள். அவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சத்தம் வந்தது சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சியிலிருந்து. மெத்தை விளம்பரம். ஒரு பெண் வெள்ளை மெத்தையில் பஞ்சு போல மெதுவாக விழுகிறாள். பின்னணியில் ஒரு குழல். குழல் தொடங்குவதற்கு ஒரு கணம் முன்னால் அந்த மூச்சு. அதுவும் ஒரே மூச்சு இல்லை. முதலில் ஒரு இழுப்பு, நடுவில் சின்னத் தடை, அதற்கு மேல் சூடான எதையோ உறிஞ்சிப் பார்ப்பதுபோல இன்னொரு இழுப்பு. கல்யாணமான நாளிலிருந்து பக்கத்துத் தலையணையில் கேட்ட சத்தம் அது. சின்ன வயதில் தம்பிக்காரன் ஓங்கிச் சாத்திய கதவு அவர் மூக்கைப் பதம் பார்த்ததில், மூக்குத்தண்டு ஒரு பக்கம் வளைந்து, ஒரு துவாரம் பாதி வேலைதான் செய்யும். "என் மூக்கை வளைச்ச மகானுபாவன்" என்றுதான் அவர் தம்பியை எல்லோருக்கும் அறிமுகப்படுத்துவார்.

"ரிசப்ஷன் அக்கா, என்னை எப்போ கூப்பிடுவீங்க? வீக்கம் காதுவரைக்கும் ஏறிடுச்சு" என்றார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர்.

"இருங்கண்ணே. இந்த விளம்பரம் முடியட்டும்."

"மெத்தை வாங்கப் போறீங்களா?"

"இல்ல. அதுல என் வீட்டுக்காரர் இருக்கார்."

அவர் தொலைக்காட்சியைப் பார்த்தார். அதில் அந்தப் பெண்ணும் மெத்தையும்தான் இருந்தார்கள். பிறகு இவளைப் பார்த்தார். வீங்கிய கன்னத்தோடு எழுந்து இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மதிய இடைவேளை வரும்வரை அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மருந்து வாடை அடிக்கும் பின்பக்க மாடிப்படியில் நின்று கொழுந்தனைப் போனில் பிடித்தாள். வீட்டில் அவன் பெயர் சின்னவன். தலை நரைத்து, பிள்ளைகள் தோளுக்கு மேல் வளர்ந்த பிறகும் சின்னவன்தான். அண்ணன் குழல் ஊதிய அதே ஒலிப்பதிவுக் கூடத்தில் கீபோர்டு வாசிப்பவன்.

"தம்பி, மெத்தை விளம்பரத்துல உங்கண்ணன் ஊதறார்."

அந்தப் பக்கம் அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எந்த மெத்தை அண்ணி?"

"எந்த மெத்தையா? அப்போ எத்தனை மெத்தையில ஊதறார்?"

"அப்படி இல்ல அண்ணி. அது அண்ணன் ஊதினது இல்ல. அதாவது, அண்ணன்தான். ஆனா வாசிச்சது வேற யாரோ."

"எனக்குப் புரியற மாதிரி பேசு."

"அண்ணன் கடைசியா ஒவ்வொரு சுரமா ஊதிக் குடுத்தாரில்ல? அதையெல்லாம் கீபோர்டுக்குள்ள போட்டாச்சு. ஒரு கட்டைக்கு ஒரு சுரம். கூடத்து முதலாளி சும்மா வாசிச்சுப் பாக்கட்டும்னு தெரிஞ்சவங்க நாலு பேருக்குக் குடுத்தார். அதுல ஒருத்தர் மெத்தைக்குப் போட்டுட்டார்போல. இன்னும் முழுசா வெளிய விடல அண்ணி. உங்களைக் கேக்காம விடமாட்டோம்."

"விட்டாச்சே! மெத்தை மேலயே விட்டாச்சே!"

"அண்ணி, கத்தாதீங்க. நாளைக்குக் கூடத்துக்கு வாங்க. காதால கேளுங்க. அதுக்கப்புறம் என்னைத் திட்டுங்க."

"அதுவரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?" என்று அப்போதே தொடங்கிவிட்டாள். இடைவேளை முழுவதும் அதற்கே சரியாகப் போனது.

அவருக்குக் கூடத்தில் பெயரே "காத்து"தான். சினிமாப் பாட்டு எந்த நாட்டுக்குப் போனாலும் காத்தைக் கூப்பிடு என்பார்கள். கதாநாயகன் மலை உச்சியில் கையை விரித்து நின்றால் ஆண்டிஸ் மலைக் குழல், மணலில் நடந்தால் பாரசீகத்து நாணல் குழல், யாராவது செத்தால் ஆர்மீனியர்களின் டுடுக் குழல். "உலகத்துல எவன் செத்தாலும் டுடுக்தான் அழணுமாம். அந்த ஊர்ல கல்யாணத்துக்கும் அதைத்தான் ஊதறாங்கன்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான்" என்று வீட்டுக்கு வந்து பொருமுவார். வெளிநாட்டுக் கலைஞர்கள் யாராவது ஊருக்கு வந்தால் போதும், அவர்கள் தங்கியிருக்கும் விடுதி வாசலில் போய் நின்றுவிடுவார். கேட்பது ஒரே கேள்விதான்: எங்கே மூச்சு எடுப்பீர்கள்?

ஒவ்வொரு ஊரும் மூச்சை ஒவ்வொரு விதமாகச் செலவு பண்ணுகிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. ஸ்காட்லாந்துக்காரன் பையில் அடைத்து அக்குளில் இடுக்கிக்கொள்கிறான். ஜப்பானியர்கள் மூங்கிலில் ஊதும்போது காற்று இரைவதை மறைப்பதே இல்லை, அந்த இரைச்சலுக்கென்றே பயிற்சி எடுக்கிறார்கள். ஆண்டிஸ் மலைக்காரர்கள் வரிசையாகக் கட்டிய குழல்களை இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஒருவரிடம் இருக்கும் சுரம் மற்றவரிடம் இருக்காது. ஒருவர் ஊதும்போது மற்றவர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஒருவரே இரண்டையும் வைத்துக்கொண்டு ஊத முடியாதா என்று அவள் ஒருமுறை கேட்டாள். "ஊதலாம். ஆனா தனியா சாப்பிடற மாதிரி இருக்கும்" என்றார். அந்தக் குழலை மட்டும் அவரும் சின்னவனும் சேர்ந்துதான் ஊதுவார்கள். அவர்கள் ஊதும்போது கேட்டுக்கொண்டிருக்கும் அவள், தன்னை அறியாமலே அவர் இழுக்கும்போது இழுத்து, அவர் ஊதும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அந்தப் பழக்கம் எப்போது ஒட்டிக்கொண்டதென்று அவளுக்கே தெரியாது.

பிறகு அவருடைய நுரையீரல் காய்ந்த பஞ்சுபோல இறுகத் தொடங்கியது. ஊதவே கூடாது என்றார் மருத்துவர். தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வாரமே ஆக்சிஜன் உருளையை மடியில் வைத்துக்கொண்டு சின்னவனின் காரில் கூடத்துக்குக் கிளம்பிவிட்டார். ஒரு சுரம் ஊதுவார், உருளையின் குழாயை மூக்கில் வைத்துக்கொள்வார், அடுத்த சுரம். உதடு நீலம்பாரித்து வீடு திரும்புவார். அவள் சண்டை போடுவாள். "சேத்து வெக்கறேம்மா" என்பார். வங்கியில் போடுவதுபோல எங்கோ பத்திரமாக வைத்துப் பூட்டப்போகிறார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். யார் வேண்டுமானாலும் எடுத்து மெத்தைக்கு அடியில் விரிக்கலாம் என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனாள். வேண்டாம் என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்புவது என்ற முடிவோடுதான் படியேறினாள்.

கூடம் அப்படியேதான் இருந்தது. முட்டை அட்டை மாதிரிச் சுவரெங்கும் பஞ்சு, கால் வைத்தால் சத்தம் எழும்பாத தரை விரிப்பு, யாரோ குடித்துவிட்டு வைத்த காகிதக் கோப்பைகள். முதலாளி எழுந்து வந்து வாசலிலேயே கை கூப்பினார். கெட்ட மனிதர் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்தவர்.

"உக்காருங்கக்கா. காத்து எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். 'வெளிய விடறதுக்கு முன்னாடி அவ கேக்கட்டும். அவ வேண்டாம்னா வேண்டாம்'னு. நானும் கையில அடிச்சுக் குடுத்துட்டேன். நீங்க சரின்னு சொன்னாத்தான் இது வாசலைத் தாண்டும்."

"மெத்தை தாண்டிடுச்சே சார்."

"அது தப்புதான்க்கா. ஒத்துக்கறேன். அந்த ஆளை நல்லா வாங்கிட்டேன்."

கணினிக்கு முன்னால் காதில் பெரிய ஹெட்போனோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒலியைக் கத்தரித்துச் சீர்செய்வது அவள் வேலை. கூடத்தில் எல்லோரும் அவளை வெட்டுக்காரி என்றார்கள். அவளும் அதற்கு நிமிர்ந்து பார்த்தாள். சின்னவன் கீபோர்டின் முன்னால், அண்ணியின் கண்ணைப் பார்க்காமல், கைக்குட்டையால் கட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவை ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தன.

"வாசி தம்பி. கேக்கத்தானே வந்திருக்கேன்."

அவன் ஒரு கட்டையை அழுத்தினான். இரண்டு உறிஞ்சலாக அந்த மூச்சு வந்தது. பின்னாலேயே டுடுக், ஈரத்துணியால் துடைத்ததுபோல மெத்தென்று. அவள் புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல வந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. இன்னொரு கட்டை, இன்னொரு மூச்சு. பத்தடி தூரத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்று சத்தியம் செய்யலாம்.

"இது பழசுக்கா" என்றார் முதலாளி. "முதல்ல இப்படித்தான் வெச்சிருந்தோம். ஆனா குடுத்த நாலு பேருமே புகார் சொல்றாங்க. 'ஒவ்வொரு சுரத்துக்கும் யாரோ காதுகிட்ட வந்து மூச்சு விடறாங்க, தொந்தரவா இருக்கு'ன்னு."

"யாரோ இல்ல சார்."

"நமக்குத் தெரியும்க்கா. வாங்கறவனுக்குத் தெரியுமா? அதனால ஒரு பொத்தான் வெச்சிருக்கோம். வேணுங்கறவங்க போட்டுக்கலாம், வேண்டாதவங்க அணைச்சுக்கலாம். வாங்கறவங்க கைக்குப் போகும்போது அணைச்சுத்தான் இருக்கும். தம்பி, அதைக் காமிப்பா."

திரையில் ஒரு சின்ன வட்டம். அதன் கீழே "மூச்சு" என்று எழுதியிருந்தது. சின்னவன் அதைத் தொட்டான். பச்சையாக இருந்தது சாம்பல் நிறமானது. அதே கட்டையை மறுபடி அழுத்தினான்.

சுரம் மட்டும் வந்தது. எங்கிருந்து கிளம்பியது என்றே தெரியாமல், துடைத்து வைத்த தட்டுபோல. அவள் வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சுரம் போய்க்கொண்டே இருந்தது. சின்னவன் விரலை எடுக்கவில்லை. முதலாளி பெருமையாகத் தலையை ஆட்டினார். சுரம் மங்கவில்லை, நடுங்கவில்லை, முடியவுமில்லை. அவளுக்கு மார்பு முட்டியது. காதில் ரத்தம் இரைந்தது. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு சுவரைப் பிடித்து நின்ற மனிதர் நிற்காமல் ஊதிக்கொண்டே இருந்தார்.

"விடுடா!"

சின்னவன் திடுக்கிட்டுத் திரும்பினான். விரல் கட்டையிலேயே இருந்தது.

"கையை எடுடா! அவரை மூச்சு விட விடுடா!"

அவன் நெருப்பைத் தொட்டவன்போலக் கையை இழுத்துக்கொண்டான். அண்ணி அவனை டா போட்டுக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. வெட்டுக்காரி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். முதலாளி தண்ணீர் எடுக்க ஓடினார்.

"அக்கா, அது மெஷின்க்கா. அவர் ஊதின கொஞ்சத்தையே சுத்திச் சுத்தி ஓட விட்டிருக்கோம். அவ்வளவுதான். அவரால கடைசில ரொம்ப நேரம் ஊத முடியல இல்ல? அந்தக் குறை தெரியாம இருக்கணும்னு..."

"குறையா?" தண்ணீரை அவள் வாங்கவில்லை. "அவருக்கு மூச்சு அவ்வளவுதான் இருந்தது. இருந்ததை எல்லாம் கொண்டுவந்து இங்க கொட்டினார். அதுக்கு மேல உங்களுக்கு வேணும்னா, நீங்க ஊதியிருக்கணும்."

"அவரே நிறுத்தாம ஊதியிருக்காரேக்கா! ஆஸ்திரேலியாப் பழங்குடிக்காரங்களோட அந்த நீளக் கட்டை, டிஜரிடூ, அதை மணிக்கணக்கா ஊதுவாரே. நடுவுல நின்னதே இல்லையே."

"நின்னதே இல்லதான். கன்னத்துல காத்தை அடக்கி வெச்சுக்கிட்டு, அந்தக் கோணல் மூக்கால இழுத்துக்கிட்டே ஊதுவார். அந்த ஒரு மூக்கால இழுக்கறதைக் கேட்டாப் பாவமா இருக்கும். நிறுத்தாம ஊதினார் சார், மூச்சு விடாம ஊதல. ரெண்டும் ஒண்ணா?"

முதலாளி சின்னவனைப் பார்த்தார், நீயாவது சொல்லேன் என்பதுபோல.

"அண்ணி, ஒரு நிமிஷம் கேளுங்க" என்றான் அவன். "நீங்க வேண்டாம்னு சொன்னா எல்லாத்தையும் இழுத்து மூடிடுவாங்க. அண்ணன் சத்தம் எங்கயுமே கேக்காது. எனக்கு அது போயிடக் கூடாது. மூச்சு இல்லாட்டியும் பரவாயில்ல, சத்தமாவது இருக்கட்டும். முதல்ல மூச்சு கேக்குதுன்னு கோவிச்சீங்க. இப்போ கேக்கலன்னு கோவிக்கறீங்க. வேணுமா, வேண்டாமா?"

அவன் கேட்டது நியாயம்தான். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

"வெட்டின மூச்சையெல்லாம் என்ன பண்ணே?" என்று வெட்டுக்காரியிடம் திரும்பினாள்.

"குப்பையிலதாம்மா இருக்கு. கம்ப்யூட்டர் குப்பையில. இன்னும் காலி பண்ணல."

"போடு. கேக்கறேன்."

வெட்டுக்காரி முதலாளியைப் பார்த்தாள். அவர் கையை விரித்தார். அவள் எதையோ தட்டினாள். ஒலிபெருக்கியிலிருந்து மூச்சுகள் வரத் தொடங்கின. பாட்டு இல்லை, சுரம் இல்லை, வெறும் மூச்சு. நீளமாக அடிவயிறுவரை போகும் இழுப்பு, அவசரமாக ஓர் இழுப்பு, இழுத்துப் பாதியில் இருமலாக உடைந்த ஒன்று. ஜப்பானிய மூங்கில் குழலின் இரைச்சல் வந்தது. அதைச் சுரத்திலிருந்து உரித்தெடுக்க வெட்டுக்காரி பட்டிருக்கும் சிரமத்தை நினைக்கவே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சங்கீதத்தில் பாதியைச் சுரண்டிக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். ஓரிடத்தில் மூச்சுக்குப் பின்னால் அவர் குரலே கேட்டது. "இரு, இரு, வரேன்." யாரிடம் சொன்னாரோ.

அதற்குப் பிறகு வந்தவை ஆண்டிஸ் மலைக்குழலுக்கு எடுத்த மூச்சுகள். ஒரு மூச்சு இரண்டு உறிஞ்சலாக வந்தது. அடுத்தது தடையில்லாமல், வழவழப்பாக. மறுபடி உறிஞ்சல், மறுபடி வழவழப்பு.

சின்னவன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான்.

"இது யாரு?"

"மலைக்குழல் சார்" என்றாள் வெட்டுக்காரி. "ரெண்டு பேர் ஊதினதில்ல? ரெண்டு பேரோடதும் வரும்."

"ரெண்டாவது நான்தானே!"

"ஆமா சார். மொத்தமா எடுத்துட்டேன். தனித்தனியாப் பிரிக்க முடியல."

"என் மூச்சையுமா வெட்டினே?" சின்னவனின் முகம் சிவந்துவிட்டது. "நான் இன்னும் உசுரோட இருக்கேன்மா! எதிர்லயே உக்காந்திருக்கேன்! ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

"யாரைக் கேக்கறது சார்? மூச்சை வெட்டச் சொன்னாங்க, வெட்டினேன். அதுல பேரா எழுதியிருக்கு?"

"அவன் ஊதும்போது நான் இழுக்கணும், நான் ஊதும்போது அவன் இழுக்கணும். அதுதான்யா அந்தக் குழலே! அவனுக்கு முடியாமப் போன அன்னைக்கு, அவன் இழுத்து முடிக்கறவரைக்கும் நான் என் சுரத்தை நீட்டிப் புடிச்சிருந்தேன். அதையும் சீர்பண்ணி ஒரே நீளமா நறுக்கிட்டீங்களா?"

வெட்டுக்காரி ஒலிபெருக்கியை அணைத்தாள். நறுக்கித்தான் இருந்தாள்.

அண்ணனை அவன் என்று சின்னவன் சொல்லி அவள் அதற்குமுன் கேட்டதில்லை. சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்படித்தான் கூப்பிட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். வேண்டுமா, வேண்டாமா என்று அவன் கேட்டதற்குப் பதில் அப்போது அவள் வாயில் வந்தது.

"வேணும்" என்றாள். "அவர் ஊதணும். ஆனா மூச்சோட ஊதணும். பொத்தான் கூடாது. அவர் சுரம் எங்க முடிஞ்சுதோ அங்க முடியணும். ஒரு இம்மி நீட்டக் கூடாது. அப்படின்னா வெளிய விடுங்க. இல்லேன்னா எல்லாத்தையும் பூட்டுங்க."

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அக்கா, நடைமுறையை யோசிங்க. ஒருத்தன் கட்டையை அழுத்திக்கிட்டே இருக்கான், சத்தம் தானா நின்னு போகுது. அவன் என்ன நினைப்பான்? கீபோர்டு ரிப்பேர்னு நினைப்பான். எனக்குப் போன் மேல போன் வரும். நான் பதில் சொல்லியே கிழவனாயிடுவேன்."

"என் நம்பரைக் குடுங்க."

"என்னது?"

"புகார் இருந்தா இந்த நம்பர்ல கூப்பிடுங்கன்னு என் நம்பரைப் போடுங்க. நாள் முழுக்கப் பல்வலிக்காரங்களுக்குப் பதில் சொல்றவ நான். இவங்க என்ன, வலியில கத்தவா போறாங்க?"

"மூச்சோட வேணும் முதலாளி" என்றான் சின்னவன். "இல்லேன்னா வாங்கறவங்களுக்கு இதை வாசிச்சுக் காட்டறதுக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க. நான் அந்தப் பொத்தானைத் தொட மாட்டேன்."

முதலாளி எழுந்து அறைக்குள் ஒரு நடை போய் வந்தார். கொடுத்த வாக்கை நினைத்தாரோ, இரண்டு பேரையும் ஒரே நாளில் சமாளிக்க முடியாதென்று நினைத்தாரோ, கடைசியில் வெட்டுக்காரியைப் பார்த்து, "எடுத்ததை எல்லாம் எடுத்த இடத்துல வெச்சிடும்மா" என்றார்.

"சார்! வெட்டவே எத்தனை மாசம்! இனிமே ஒட்டணுமா?"

"ஒட்டு. நானும் இனிமே வாயைத் திறக்கலை."

இரைச்சலும் இருமலும் ஒட்டப்பட்டு அந்தக் குழல் தொகுப்பு வெளியே வந்தது. பெட்டியின் மேல் உலகத்தின் ஊதுகருவிகள் என்று பெரிய எழுத்திலும், அவள் தொலைபேசி எண் சின்ன எழுத்திலும் இருந்தன. மெத்தைக்காரர்கள் மட்டும் விளம்பரத்தை நிறுத்தவில்லை. அது ஓடும்போதெல்லாம் அவள் தொலைக்காட்சியின் வாயை அடைத்துவிடுவாள். நோயாளிகள் கேட்டால் ரிமோட் சரியில்லை என்பாள்.

முதலாளி சொன்னதும் பொய்யாகவில்லை. போன் வந்தது. ஒருவர் கீபோர்டைக் கடைக்குத் தூக்கிக்கொண்டுபோய்த் திட்டு வாங்கி வந்ததாகக் கத்தினார். இன்னொருவர், பின்னால் யாரோ இருமுகிறார்கள், அதை எடுக்கமுடியாதா என்றார். "இருமினா டாக்டரே ஒண்ணும் பண்ண முடியல, நான் என்னங்க பண்றது?" என்று வைத்துவிட்டாள்.

ஒருநாள் அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. பாட்டுக்கு இசையமைப்பவராம். கறாரான குரல்.

"மேடம், உங்க டுடுக் வேலை செய்யல. பாதியில நின்னு போகுது."

"செய்யுதுங்க. அதுக்கு மேல அவரால முடியல."

"எவரால?"

"ஊதினவரால. நீங்க அழுத்தும்போது நீங்களும் மூச்சைப் புடிச்சுப் பாருங்க. அவருக்கு முட்டற இடத்துல விரலை எடுத்திடுங்க. அவர் இழுத்துக்கட்டும். அப்புறம் அழுத்துங்க."

அந்தப் பக்கம் கட்டை ஒன்று அழுத்தப்பட்டது, அந்த இரட்டை உறிஞ்சல் போன் வழியாக மெல்லியதாகக் கேட்டது, சுரம் வந்தது, நின்றது. அவள் அடுப்பைத் தணித்தாள்.

"புரியுது மேடம். ஆனா என் பாட்டுல அந்த இடம் நீளமா வருது. இந்த மூச்சு அதுக்குப் பத்தாதே."

"அப்போ பாட்டைச் சுருக்குங்க" என்றாள் அவள்.